பிறப்பும் இறப்பும் விலக்கிய தீவு

ஈஜியன் கடலின் நடுவே, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்திலும் ஒன்றரைக் கிலோமீட்டரை எட்டாத அகலமும் கொண்ட டீலோஸ் என்னும் கற்றீவில் இரவு தங்க இன்று எந்தப் பிரயாணிக்கும் அனுமதி கிடையாது. காவலர் சிலரும், அகழ்வாராய்ச்சிக்கென்று வந்து தங்கும் அறிஞர் சிலரும் நீங்கலாக, காலையில் படகேறி வந்தவர் யாராயிருந்தாலும் கடைசிப் படகில் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. இதைவிடக் கடுமையான விதி ஒன்று இதே தீவில் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பு அமலில் இருந்தது: அங்கே யாரும் பிறக்கக் கூடாது, யாரும் இறக்கவும் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு பகற்பொழுதைக் கழித்துவிட்டு வந்தவன் நான். பார்த்த தூண்களும் சிலைகளும் நாளடைவில் நினைவில் மங்கிப்போகலாம்; ஆனால் அந்தப் பகலில் எழுந்த ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

செப்டம்பர் மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அண்டைத் தீவான மைக்கோனோஸின் பழைய துறையில் படகேறினேன். அரை மணி நேரப் பிரயாணந்தான். துறைக்கு வெளியே நான்கு உல்லாசக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ஒவ்வொன்றும் தன் வயிற்றில் ஒரு சிற்றூரையே சுமந்து வந்ததுபோல, சட்டையில் எண் எழுதிய வட்டச் சீட்டுகளை ஒட்டிக்கொண்ட மனிதர்களைச் சிறு படகுகளில் கூட்டங்கூட்டமாகக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் மடித்த குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு வழிகாட்டி. பின்னால் வருகிறவர்கள் காதில் செருகியிருந்த சிறு கருவியில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே, கையிலிருந்த கைபேசியின் திரையில் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் மூண்டதை மறைப்பதில் பயனில்லை. ஏகாந்தத்தில் தரிசிக்க வேண்டியதொரு ஸ்தலத்தை இப்படிச் சந்தைக்கூட்டத்தோடு சேர்ந்து பார்க்க நேர்ந்துவிட்டதே என்று மனம் குமைந்தது. நான் யாத்திரிகன், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்ற பேதத்தை, யாரும் கேளாமலே, நானாக எனக்குள் ஏற்படுத்திக்கொண்டேன்.

டீலோஸில் இறங்கியதும் கண்ணில் படுவது வெளிச்சம். துறையருகே மரம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. காய்ந்த முட்செடிகள், பொன்னிறம் ஏறிய புல், அவற்றினிடையே தலை உடைந்த பளிங்குத் தூண்கள், அவற்றின்மேல் வெயில் காயும் ஓணான்கள். கற்களின் வெண்மையும் கடலின் நீலமும் சூரியனை வாங்கித் திருப்பி வீசுவதால் நிழல்கூட ஒளி கலந்துதான் விழுகிறது. ‘டீலோஸ்’ என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘வெளிப்படையாய்த் தெரிவது’ என்று பொருள். அந்தப் பெயருக்குக் காரணமாக ஒரு புராணக் கதை உண்டு. ஸூஸ் தேவனால் கருவுற்ற லெட்டோ என்பவள், அவன் பட்டத்தரசி ஹீராவின் சினத்துக்கு அஞ்சிப் பிரசவத்துக்கு ஓரிடம் தேடி உலகெங்கும் அலைந்தாளாம். வளமான நாடுகளெல்லாம் அவளுக்கு இடந்தர மறுத்துக் கதவடைத்தபோது, வேரூன்றாமல் கடலில் மிதந்துகொண்டிருந்த, இழப்பதற்கு ஒன்றுமில்லாத இந்த ஏழைத் தீவு அவளை ஏற்றுக்கொண்டதாம். அங்கே ஒரு பேரீச்ச மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் வலி பொறுத்து ஈன்ற மகன்தான் ஒளிக்கும் இசைக்கும் அதிதேவதையான அப்பல்லோ. அன்றுமுதல் தீவும் அலையாமல் கடலில் நிலைகொண்டு, கண்ணுக்குப் புலனாயிற்று என்பார்கள்.

பேறுகாலத்தில் போக்கிடமற்றுத் திரிந்த ஒரு பெண்ணுக்கு அடைக்கலம் தந்ததனால் புனிதமான தீவு இது. அந்தப் புனிதத்தைக் காப்பதற்கென்று பின்னாளில் செய்த காரியம் என்ன என்பதை நினைத்துப் பார்க்கும்போதுதான் நெஞ்சு திடுக்கிடுகிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸின் அதிபதியாயிருந்த பைசிஸ்ட்ராட்டஸ், கோயிலிலிருந்து பார்வை எட்டும் தூரத்திலிருந்த சமாதிகளைத் தோண்டி அப்புறப்படுத்தச் செய்தான். கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, தீவிலிருந்த எல்லாச் சமாதிகளையும் பெயர்த்தெடுத்து, எதிரிலுள்ள ரெனியா தீவில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இனிமேல் டீலோஸில் பிறப்பும் இறப்பும் நிகழலாகாது, மரணத்தறுவாயில் இருப்பவர்களையும் பிரசவிக்கும் நிலையில் இருப்பவர்களையும் ரெனியாவுக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். சாவுத் தீட்டு, பிள்ளைத் தீட்டு என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு இந்தக் கட்டளையின் மனோபாவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் பிணம் கிடக்கும்வரை கோயில் நடை திறவாத ஊர்களை நாமும் அறிவோம். ஆனால் நம் ஊர்களில் தீட்டு என்பது சில நாழிகையிலோ சில நாட்களிலோ கழிந்துவிடும். பிறகு வாழ்வு திரும்பி வந்து தெருவை நிறைத்துக்கொள்ளும். டீலோஸிலோ மனித வாழ்வின் முதல் வாசலையும் கடைசி வாசலையும் நிரந்தரமாகவே அடைத்துவிட்டார்கள். அதுவும் போதவில்லை. நான்கே ஆண்டுகளில், கி.மு. 422-இல், பண்டைக் குற்றம் ஒன்றின் காரணமாக அவர்கள் புனிதச் சேவைக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லி, அந்தத் தீவின் குடிகளையே வெளியேற்றினார்கள். மறு வருஷம் டெல்ஃபியின் தெய்வவாக்குக்குப் பணிந்து அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது வேறு விஷயம்.

இந்த விலக்கு தீவோடு நின்றுவிட்டதென்றும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் ஏதென்ஸிலிருந்து ஒரு புனிதக் கப்பல் டீலோஸுக்கு யாத்திரை புறப்படும். அது போய்த் திரும்பும்வரை நகரத்தில் மரண தண்டனை எதையும் நிறைவேற்றலாகாது. கி.மு. 399-இல் சாக்ரட்டீஸுக்கு நஞ்சு என்று தீர்ப்பான சமயத்தில் அந்தக் கப்பலின் யாத்திரை தொடங்கிவிட்டிருந்தது. ஆகையால் அவர் சிறையில் 30 நாள் காத்திருந்தார் என்று அவர் சீடர் செனஃபோன் எழுதுகிறார். சீடர்களோடு அவர் உரையாடியதாக நாம் வாசித்துப் போற்றுகிற சிறைப் பேச்சுகளெல்லாம் இந்தச் சிறு தீவின் தீட்டுவிதி கொடுத்த அவகாசத்தில் நிகழ்ந்தவை என்பதை, அந்தத் துறையின் கல்லில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டபோது, உடைந்த கற்களின் மேல் எனக்கு ஒரு நன்றியுணர்ச்சியே உண்டாயிற்று. விலக்கு ஒவ்வொன்றும் கொடியது என்று தீர்த்துவிடுவதற்கில்லை. எதை விலக்குகிறோம், அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

வடக்கே நடந்தால் பிரசித்தி பெற்ற சிங்க வரிசை. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் நாக்சோஸ் தீவார் தங்கள் நாட்டுப் பளிங்கில் செதுக்கி அப்பல்லோவுக்குக் காணிக்கையாக நிறுத்தியவை அவை. உப்புக்காற்றில் தேய்ந்துபோன மூலச் சிங்கங்களை அருங்காட்சியகத்துக்குள் எடுத்துக்கொண்டு பிரதிகளை வெளியே வைத்திருக்கிறார்கள். ஒரு சிங்கம் மட்டும் எந்தக் காலத்திலோ வெனிஸுக்குப் போய், அங்கே கப்பற்படைச் சாலையின் வாசலில் காவல் இருக்கிறது. சிங்கங்கள் வாய் திறந்து நோக்குகிற திசையில் முன்னாளில் ஒரு புனித ஏரி இருந்தது. கொசு பெருகி மலேரியா காய்ச்சல் பரவியதால் 1920-களில் நீரை வடித்து அதைத் தூர்த்துவிட்டார்கள். அது இருந்த இடத்தைச் சுற்றித் தாழ்ந்த சுவர் ஒன்றும், நடுவில், லெட்டோ பற்றிக்கொண்ட மரத்தின் ஞாபகமாக நட்ட பேரீச்ச மரம் ஒன்றும் இருக்கின்றன.

அந்த இடத்தில்தான் கூட்டம் மிகுந்திருந்தது. சிங்கத்துக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக ஒருவர் பின் ஒருவராக முறை வைத்துக் காத்திருந்தார்கள். கயிற்றைத் தாண்டிக் காலெடுத்து வைத்த ஓர் இளைஞனைப் பார்த்துக் காவல்காரப் பெண் விசில் ஊதினாள். அவன் கூசிப் பின்வாங்கினான். அந்த விசிலின் ஒலி தீவின் மௌனத்தைக் கிழித்ததாக எனக்குத் தோன்றியது. அப்போது புளூட்டார்க் எழுதிய நிக்கியாஸின் சரித்திரத்தில் வாசித்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. என் எரிச்சல் அங்கேயே தளர்ந்தது.

அப்பல்லோவின் திருவிழாவுக்கு நகரங்கள் அனுப்பும் பாடகர் குழுக்கள் டீலோஸில் வந்திறங்கும்போது கரையில் கூடிய ஜனத்திரள் கப்பலருகில் முண்டியடித்து, “பாடு, பாடு” என்று கூச்சலிடுமாம்; பாடகர்களோ ஒரு கையால் மாலையை எடுத்துச் சூடிக்கொண்டும், மறு கையால் ஆடையை மாற்றிக்கொண்டும், ஒழுங்கின்றி இறங்கிப் பாடத் தொடங்குவார்களாம். இந்த அலங்கோலத்தைச் சகியாத ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸ், தன் முறை வந்தபோது நேரே டீலோஸுக்கு வராமல் ரெனியாவில் இறங்கினான். ஊரிலேயே அளவெடுத்துச் செய்து, பொன்முலாம் பூசி, மாலைகளாலும் திரைகளாலும் அலங்கரித்துக் கொண்டுவந்த ஒரு பாலத்தை இரவோடிரவாக அந்தக் குறுகிய நீரிணையின்மேல் இட்டு, விடிந்ததும் தன் பாடகர்களைப் பாடியபடியே ஊர்வலமாக நடத்தி வந்தான். பிறகு வெண்கலத்தில் ஒரு பேரீச்ச மரத்தைக் காணிக்கையாக நட்டான். 10,000 திராக்மாவுக்கு நிலம் வாங்கி, அதன் வருமானத்தில் தீவின் மக்கள் விருந்துண்டு தனக்காகப் பிரார்த்திக்கும்படி அறக்கட்டளையும் செய்துவைத்தான். பின்னொரு காலத்தில் அந்த வெண்கல மரம் காற்றில் முறிந்து, நாக்சோஸ்காரர்கள் நிறுத்தியிருந்த மாபெரும் அப்பல்லோ சிலையின்மேல் சாய்ந்து அதையும் வீழ்த்தியதாம். அந்தச் சிலையின் பீடமும், கொண்டுபோக முயன்றவர்கள் கைவிட்டுச் சென்ற மார்பும் இடுப்புமான துண்டங்களும் இன்றும் புல்லில் கிடக்கின்றன.

ஆக, இந்தக் கூட்டம் புதிதன்று. முண்டியடித்தலும், கூச்சலும், தன் வருகையைப் பிறர் அறியச் செய்ய வேண்டுமென்ற ஆசையும் இந்தத் தீவுக்கு நெடுநாள் பழகியவை. நாடகக் கொட்டகைக்குப் போகும் சந்தில் கிளியோபாட்ரா என்ற ஏதென்ஸ் மாது ஒருத்தியின் வீடு இருக்கிறது. எகிப்தின் அரசி அல்லள், ஒரு செல்வரின் மனைவி. அவள் கணவர் டயஸ்கோரிடீஸ் அப்பல்லோவின் கோயிலுக்கு இரண்டு வெள்ளி முக்காலிகளைக் காணிக்கை தந்ததை நினைவுறுத்த அவள் தன் வீட்டு முற்றத்தில் கணவன் மனைவி இருவருக்கும் சிலை வைத்தாள். இருவர் தலையும் இப்போது இல்லை. ஆடையின் மடிப்புகள் மட்டும் அன்று தையற்காரன் கையிலிருந்து வந்ததுபோல் அவ்வளவு நேர்த்தியாக நிற்கின்றன. நாங்கள் வந்தோம், இங்கே இருந்தோம், கொடுத்தோம் என்று கல்லில் சொல்ல விரும்பிய அந்தத் தம்பதியர்க்கும், சிங்கத்தின் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறவர்களுக்கும் உள்ள பேதம் நான் படகில் எண்ணியதைப்போல் அவ்வளவு பெரியதன்று. ஒரு சொல்தான் வித்தியாசம். அவர்கள் ‘கொடுத்தோம்’ என்றார்கள். நாம் எடுத்துக்கொண்டு போகிறோம்.

அந்த வீட்டையொட்டிய பகுதி முழுவதும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் செல்வத்தைச் சொல்கிறது. ரோட்ஸ் தீவின் வணிகத்தை ஒடுக்க எண்ணிய ரோமாபுரி, கி.மு. 166-இல் டீலோஸை ஏதென்ஸின் வசம் ஒப்படைத்து, சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. அந்தச் சமயத்திலும் பழைய குடிகளை வெளியேற்றிவிட்டுத்தான் புதிய வாழ்வு தொடங்கிற்று. சிரியர், எகிப்தியர், இத்தாலியர், யூதர் என்று பல தேசத்து வணிகர் வந்து குடியேறினர்; ஐஸிஸ் தேவிக்குக் கோயிலும், சிரிய தேவதைகளுக்குச் சந்நிதியும், யூதர்க்குத் தொழுகைக் கூடமும் ஒரே தீவில் அமைந்தன. டயோனிசஸ் தேவன் சிறுத்தைமேல் அமர்ந்து வரும் சித்திரத்தைச் சிறுசிறு வண்ணக்கற்களால் தரையில் பதித்த வீடுகள் எழுந்தன. 5,500 பேர் அமரக்கூடிய நாடக அரங்கம் ஒன்று மலைச்சரிவில் முன்பே அமைந்திருந்தது. அதில் விழும் மழைநீர் ஒரு துளியும் வீணாகாமல் கீழே வளைவுகள் தாங்கிய பெருந்தொட்டியில் சேர்ந்தது.

ஒரு வீட்டு முற்றத்தில் கிணற்றுவாய்ப் பளிங்கு வளையம் ஒன்றைக் கண்டு நின்றேன். கூட்டம் சித்திரத் தரையைத் தேடிப் போய்விட்டது. நான் தனியே இருந்தேன். வளையத்தின் உள்விளிம்பில் விரல் புதையும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளங்கள். கயிறு உராய்ந்து உராய்ந்து கல் தேய்ந்த தடங்கள். நம் பழைய கிணற்றுச் சுவர்களில் இத்தகைய தடத்தைச் சிறுவயதில் தடவிப் பார்த்திருக்கிறேன். ஆகையால் கை அறியாமலே அதை நோக்கிச் சென்றது, கயிற்றின் ஞாபகம் கையிலேயே இருந்தது. தொடக் கூடாது என்பது நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டேன். இந்தத் தடங்களை உண்டாக்கிய கைகள் வீட்டுத் தலைவியின் கைகள் அல்ல என்ற உண்மை அப்போது உறைத்தது. பளிங்கில் சிலை வைத்துக்கொள்ளக்கூடியவள் நீர் இறைக்க மாட்டாள். அது அடிமைகளின் வேலை.

ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்குமதி செய்து, அன்றே விற்று அனுப்பிவிடும் ஆற்றல் டீலோஸ் துறைக்கு உண்டு என்று பண்டைப் புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். நான் காலையில் இறங்கிய அந்தத் துறைதான் அது. யாத்திரிகர், வணிகர், அடிமை என்ற மூவகைக் கூட்டமும் அங்கேதான் இறங்கியது. முதல் இரு கூட்டத்தினரும் கல்லில் தம் பெயரை விட்டுப் போனார்கள். மூன்றாவது கூட்டம் கிணற்றுவாயில் கயிற்றுத் தடத்தை மட்டும் விட்டுப் போயிற்று. தன் கோயில் நிலத்தில் ஒரு பிணம் புதைபடக் கூடாதென்று தீட்டு பார்த்த தீவு, உயிரோடிருக்கும் மனிதனைக் கைமாற்றுவதில் தீட்டு எதையும் காணவில்லை. புனிதம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி அங்கே, அந்த வளையத்தருகே, எனக்குள் எழுந்தது. அதுதான் என்னை இன்னும் விடாத கேள்வி.

அந்தச் செல்வம் நூறாண்டுகூட நிலைக்கவில்லை. கி.மு. 88-இல் பாண்டஸ் நாட்டு மித்ரிடேட்டஸ் மன்னனின் படை வந்து கொன்று கொள்ளையிட்டது, கி.மு. 69-இல் கடற்கொள்ளையர் மிச்சத்தையும் சூறையாடினர். வணிகர்கள் வேறு துறைகளைத் தேடிக்கொண்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியாஸ், கோயிலைக் காக்க ஏதென்ஸ் அனுப்பியிருக்கும் காவலர்களை நீக்கிவிட்டால் டீலோஸில் டீலோஸ்காரர் எவருமே இல்லை என்று குறிப்பிடுகிறார். அதை எழுதி ஏறத்தாழ 1,850 ஆண்டுகள் சென்றும் நிலைமை அப்படியே இருக்கிறது என்பது ஆச்சரியந்தான். இன்றும் காவலர்களைத் தவிர அங்கே குடிகள் இல்லை. நடுவில் பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கத்துத் தீவார் வந்து பளிங்கைச் சுண்ணாம்புக்கென்று எரித்தார்கள், வீடு கட்டக் கல் பெயர்த்தார்கள். 1873 முதல் பிரெஞ்சுத் தொல்லியல் பள்ளியார் பொறுமையாய்த் தோண்டி வெளிக்கொணர்ந்ததைத்தான் நாம் பார்க்கிறோம். 1990-இல் உலக பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அதை ஏற்றது. இப்போது கடலே அதற்குப் பகையாகத் தொடங்கியிருக்கிறது. பண்டைக் காலத்தைவிடக் கடல்மட்டம் உயர்ந்துவிட்டதனால், துறையையொட்டிய பண்டகசாலைகளின் தளங்களில் உப்புநீர் தேங்கி, சுவரின் அடிக்கல்லை உள்ளிருந்தே அரிக்கிறது.

பிற்பகலில் கிந்தோஸ் குன்றின்மேல் ஏறினேன். 112 மீட்டர் உயரந்தான். ஆனாலும் மேலே நின்றால் சைக்ளடீஸ் தீவுகள் அனைத்தும் நம்மைச் சூழ்ந்து வளையமிட்டிருப்பதுபோல் காணும். கிழக்கே மைக்கோனோஸின் வெண்ணிற வீடுகளும், அவற்றின் முன்னே நாலு கப்பல்களும். மேற்கே, நீரிணைக்கு அப்பால், வீடு வாசல் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் வறண்டு படுத்திருக்கும் ரெனியா. அந்த இரண்டு திசைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல்நாள் இரவு மைக்கோனோஸில் எனக்கு அறை வாடகைக்கு விட்ட மூதாட்டி, ஆங்கிலம் தெரிந்த தன் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொன்னது மனத்தில் ஓடிற்று. அவள் மணமாகி வந்த காலத்தில் அவள் வீடிருக்கும் சந்தில் மாரிக்காலத்து இரவுகளில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியுமாம். இப்போது மூன்றே வீடுகளில் எரிகிறதாம். மற்ற வீடுகளெல்லாம் கோடைக்கு வருகிறவர்களுக்கென்று பூட்டிக் கிடக்கின்றன. அவள் பேத்தி பிறந்தது ஏதென்ஸில். மருமகள் பேறுகாலத்துக்கு ஒரு மாதம் முன்பே கப்பலேறிப் போய்விட்டாள். மூதாட்டியின் கணவர் கண்மூடியதும் அங்கேதான். நோய் முற்றினால் பெரிய மருத்துவமனையைத் தேடி எல்லோரும் அங்கேதான் போக வேண்டும் என்றாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

குன்றின் உச்சியில் நின்றபோதுதான் அந்தச் சொற்களின் பொருள் முழுவதும் எனக்கு விளங்கிற்று. ஏதென்ஸ்காரர்கள் தெய்வத்தின் பெயரால் கட்டளையிட்டுச் செய்ததை, இக்காலத்துச் சுற்றுலா எந்தக் கட்டளையும் இடாமலே செய்துகொண்டிருக்கிறது. மைக்கோனோஸைப் போன்ற பேரழகு வாய்ந்த ஊர்கள் யாவும் மெல்லமெல்லப் பிறப்பும் இறப்பும் விலகிப்போன ஊர்களாகின்றன. பார்க்க வருகிறவன் கண்ணில் தொட்டிலும் படக் கூடாது, பாடையும் படக் கூடாது. நரைத்த சுவரும் நோயுற்ற முதியவரும் சித்திரத்துக்கு இடைஞ்சல். ஏறத்தாழ 10,000 பேர் நிரந்தரமாக வசிக்கும் அந்தச் சிறு தீவில், கோடையில் ஒவ்வொரு நாளும் கப்பல் கப்பலாக மனிதர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு உணவு பரிமாறவும் அறை பெருக்கவும் பருவத்துக்கென்று வேற்று நாடுகளிலிருந்து வந்து, பருவம் முடிந்ததும் போய்விடுகிறார்கள் வேறு சிலர். அந்த உழைப்பாளிகளை டீலோஸின் அடிமைகளோடு ஒப்பிடுவது இரு சாராருக்கும் இழைக்கும் அநியாயம். ஆயினும் நாம் எடுத்துக்கொண்டுபோகும் படம் எதிலும் அவர்கள் இல்லை என்பது மட்டும் உண்மை. கப்பலில் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் கோடையின் உச்சத்தில் 20 யூரோ தீர்வை வாங்குவதென்று 2025-இல் கிரேக்க அரசு விதித்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் வீடுகளில் அணைந்த விளக்கை அந்தப் பணம் ஏற்றிவைக்குமா என்று அந்த மூதாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

ஆகையால் கூட்டத்தைப் பழிப்பதில் எனக்கு இப்போது உடன்பாடில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என் அறைக்கு நான் கொடுத்த வாடகையும் அந்தச் சந்தின் இன்னொரு விளக்கை அணைத்திருக்கலாம். மனிதர் தொன்மையைத் தேடித் திரள்வது இழிவன்று. பார்க்கப்போனால், ஒரு தீவு தன் குடிகள் எல்லோரும் போன பிறகும் இத்தனை ஆயிரம் பேரைத் தன்னிடம் இழுத்துக்கொண்டிருப்பது அதன் சிரஞ்சீவித் தன்மைக்குச் சாட்சி. பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஊரின் வாழ்வையும் சாவையும் ஒதுக்கிவிட்டு, அதன் அழகை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறோமே, அதுதான் பிழை. நிக்கியாஸ் பாலம் கொண்டுவந்தான். நாம் கொண்டுவரக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் விழாத மனிதர்களைப் பற்றி நினைக்கும் சிரத்தையையாவது கொண்டுவரலாம். கிணற்றுவாயின் கயிற்றுத் தடத்தை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதும், அறை தந்தவளிடம் மாரிக்காலத்தைப் பற்றி விசாரிப்பதும் அந்தக் காணிக்கையில் சேரும் என்று நம்புகிறேன்.

கடைசிப் படகுக்குக் காவலர்கள் விசில் ஊதி அழைத்தார்கள். காலையில் காதைக் கிழித்த அதே ஒலி இப்போது மாட்டை மனைக்கு ஓட்டும் குரல்போலக் கனிவாகத் தோன்றிற்று. படகு திரும்பியபோது எல்லோரும் ஒரு பக்கமாகச் சென்று டீலோஸைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மறுபக்கம் போய் ரெனியாவைப் பார்த்தேன். பிரசவிக்கும் பெண்களும் சாகும் தறுவாயிலிருந்தவர்களும் ஓடத்தில் கடந்தது இந்த நீரைத்தானே. இரண்டு தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மனித வாழ்வு முழுமை பெறும் என்று தோன்றிற்று.

மறுநாள் மைக்கோனோஸிலுள்ள தொல்பொருட் காட்சிசாலைக்குப் போனேன். டீலோஸிலிருந்து பெயர்த்தெடுத்த சமாதிப் பொருள்களை ஏதென்ஸ்காரர்கள் புதைத்த குழியை 1898-இல் ரெனியாவில் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். அதில் கிடைத்தவற்றை வைப்பதற்காகவே கட்டியது அந்தக் காட்சிசாலை. துறையிலிருந்து நடந்து போகிற தூரந்தான். ஆனாலும் அன்று காலை உள்ளே என்னைச் சேர்த்து நாலு பேர்தான் இருந்தோம். ஈமக் குடங்களையும் சிறு கிண்ணங்களையும் கடந்து போனால், பிற்காலத்தில் ரெனியாவில் புதைபட்டவர்களின் நடுகற்கள் இருக்கின்றன. சில கற்களில், பாறைமேல் தலையைக் கையில் தாங்கி ஒருவன் அமர்ந்திருக்கிறான். அருகில் கப்பலின் முகப்பு. கடலில் மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. வேறு சிலவற்றில் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். போகிறவர் யார், நிற்கிறவர் யார் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாதபடி இருவர் முகத்திலும் ஒரே அமைதி. அவற்றின் அடியில் பெயருக்குப் பிறகு அநேகமாக ஒரே வாசகந்தான் வருகிறது: ‘நல்லவனே, காய்ரே.’ காய்ரே என்ற அந்தச் சொல் கிரேக்கருக்கு வரவேற்புச் சொல்லும் ஆகும், விடைகொடுக்கும் சொல்லும் ஆகும். போகிறேன் என்று சொல்ல நா எழாமல் போய்வருகிறேன் என்று சொல்கிற நமக்கு அதன் நெகிழ்ச்சி விளங்கும். கதவருகில் அமர்ந்திருந்த காவல்காரர் மணியைக் காட்டியபோது, அந்தக் கற்களைப் பார்த்து நானும் நம் சொல்லைத்தான் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.